உதைக்கக் கூடாத வண்டி

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மெக்கானிக் அமானுல்லா பாயின் முகம் வாடிப்போனது.

"காப்பிப் பொடி நிறத்துல இருக்கு, சார்."

"நல்லதா, கெட்டதா?" என்றார் சன்னவீரய்யா.

"ஓடுற வண்டிக்கு நல்லது. பதினெட்டு வருஷம் நின்ன வண்டிக்குத் துருவும் பச்சையுமா இருக்கணும். இப்படி இருந்தா, உள்ள ஏதோ பெருசா இருக்குன்னு அர்த்தம்."

சன்னவீரய்யா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மைசூரில் பட்டு வளர்ச்சித் துறையில் முப்பத்து மூன்று வருஷம் கோப்புகளைத் தள்ளி ஓய்வு பெற்ற மனிதர். முழங்கால் கெட்ட அன்று தன் ஜாவா மோட்டார் சைக்கிளைக் கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டார். வருஷத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜையன்று, தார்ப்பாயின் முன் மூலையை மட்டும் தூக்கி, ஹெட்லைட்டுக்குக் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, மறுபடி மூடிவிடுவார். வண்டிக்கும் அவருக்கும் அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

இப்போது புது முழங்கால் வைத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பழைய ஜாவாக்காரர்கள் எல்லாரும் அரண்மனையைச் சுற்றி வரப் போகிறார்கள். பென்ஷன்காரர் சங்கத்தின் வாராந்தரக் கூட்டத்தில் பசவலிங்கப்பா நாற்பது பேர் முன்னால், "நீங்களும் தள்ளிக்கிட்டு வாங்களேன், மாலை போடுறோம்" என்று சொன்னார். சன்னவீரய்யாவுக்கு ரோஷம் வந்து, "ஓட்டிக்கிட்டு வரல்லேன்னா செயலாளர் பதவியை விட்டுடறேன்!" என்று சொல்லித் தொலைத்தார். உலகத்தில் அவர் வந்தால் ஆட்கள் எழுந்து நிற்கிற ஒரே இடம் அந்தச் சங்கம்தான். அதிலும் இரண்டு பேர்தான் நிற்பார்கள். ஒருவருக்கு மூலம்.

மனைவி புட்டதாயி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"ஏங்க, ஒரு உதை விட்டுத்தான் பாருங்களேன்."

பாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அம்மா! தூங்குற இஞ்சினை உதைக்கவே கூடாது. உள்ள எண்ணெய் வத்திக் கிடக்கும். ஒரே உதை, பிஸ்டன் சிலிண்டரைக் கீறிடும். எங்க உஸ்தாத் சொல்லிக் குடுத்த மொதப் பாடம்."

"இவளுக்கு இஞ்சினைப் பத்தி என்ன தெரியும், நீங்க பாருங்க பாய்."

புட்டதாயி பெருமூச்சு விட்டு உள்ளே போனாள்.

பாய் பிளக் ஓட்டையில் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு பின் சக்கரத்தை மெல்லச் சுற்றச் சொன்னார். 'டொப்' என்று விரல் தெறித்தது.

"விரலைத் தூக்கி எறியுது சார்!"

"பலமா இருக்குன்னுதானே அர்த்தம்?"

"தொண்ணூறு வயசுக் கிழவர் படுக்கையிலேர்ந்து குதிச்சு வந்து உங்க கையைக் குலுக்கினா, சந்தோஷப்படுவீங்களா, டாக்டரைக் கூப்பிடுவீங்களா?"

சன்னவீரய்யா யோசித்தார். டாக்டரைத்தான் கூப்பிடுவார்.

வியாழக்கிழமை, சங்கத்துக்குக்கூடப் போகாமல், இருவரும் கார்புரேட்டரைத் திறந்தார்கள். பழைய பெட்ரோல் அரக்கு மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டிய இடத்தில், பங்க்கில் வருகிற அதே வாசனை.

"அந்தக் காலத்துப் பெட்ரோல் அப்படி" என்றார் சன்னவீரய்யா, கொஞ்சம் பெருமையாக.

பாய் ஒத்துக்கொள்ளவில்லை. சிலிண்டரின் தலையைக் கழற்றினார். உள்சுவர் கண்ணாடியாய் மின்னியது. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். தூக்கம் கெட்ட இரண்டு கிழட்டு முகங்கள் உள்ளேயிருந்து அவர்களைப் பார்த்தன.

"ஆயுத பூஜை ஒரு வருஷம் தவறினதில்ல, பாய்."

"பூஜை வெளியில பண்ணினீங்க. இது உள்ள சார். இவ்வளவு சுத்தமா இருந்தா, கோளாறு இன்னும் கீழதான் ஒளிஞ்சிருக்கு."

புட்டதாயி வாசற்படியிலிருந்து கேட்டாள். "எந்த நட்டு எங்கேன்னு எழுதி வெச்சீங்களா?"

"நீ போய் உப்பிட்டுக்கு ரவையை வறு."

வெள்ளிக்கிழமை சிலிண்டரை உருவி, பிஸ்டன் வளையத்தைப் பரிசோதிக்க பாய் அதை விரித்தார். டக்கென்று இரண்டாக ஒடிந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக பாய் சிரித்தார்.

"பாத்தீங்களா! தொட்டதும் ஒடியுது. உள்ள நோய் இருக்குன்னு நான் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னீங்க பாய், சொன்னீங்க" என்று சன்னவீரய்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நோய் தெரிந்துவிட்டால் பாதி குணமான மாதிரிதானே.

மீதிப் பாதியைத் தேடி இஞ்சின் கூட்டையே பிளக்கப் பார்த்தார்கள். அது பிளக்க மறுத்தது. மரச் சுத்தியால் தட்டினார்கள். பிறகு இரும்புச் சுத்தியால். கூட்டின் ஒரு மூலை பறந்து போய்த் துளசி மாடத்தில் விழுந்தது.

"இதுவும் வலு இல்லாமத்தான் இருந்திருக்கு" என்றார் பாய், இந்தத் தடவை சிரிக்காமல். சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு, "இன்ஷா அல்லா, தீபாவளிக்குள்ள முடிச்சுடலாம்" என்று சைக்கிளில் ஏறினார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜாவா இரண்டு பேசின்களிலும் ஒரு இட்லிப் பானையிலும் இருந்தது. பசவலிங்கப்பா போன் செய்து, மாலைக்குச் சாமந்தி போதுமா, ரோஜா வேண்டுமா என்று விசாரித்தார். சன்னவீரய்யா போனை வைத்துவிட்டு ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'உடல்நிலை காரணமாக' என்று தொடங்கினார். யாருடைய உடல்நிலை என்று எழுதவில்லை. புட்டதாயி பேசினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒடிந்த வளையத்தின் இரண்டு துண்டுகளையும் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், எனக்காக இவ்வளவு வருத்தப்படுறியே" என்றார் அவர்.

அப்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு பூக்காரி மாதேவம்மா வந்தாள். பேசினைப் பார்த்தாள். இட்லிப் பானையைப் பார்த்தாள். கூடையை அப்படியே கீழே வைத்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயய்யோ அக்கா, யார் பண்ணின வேலை இது! இனிமே வாராவாரம் ஐயா சங்கத்துக்குப் போனதும், பூக்கூடையோட நான் யார் பின்னால உக்காந்து மார்க்கெட்டுக்குப் போறது?"