கயிற்றில் கை வைத்த விருந்தாளி

அன்புக்கும் பயத்துக்கும் உரிய அராபா அக்காவுக்கு,

தம்பி எகோவ் எழுதிக்கொண்டது. இங்கே நானும் கடலும் சௌக்கியம். டாக்கொராடியில் அத்தானும் பிள்ளைகளும் நோயில்லாமலும், உன் சிமெண்ட் மூட்டைகள் நனையாமலும் இருக்க ஆண்டவர் அருள் புரிவாராக.

"இந்த மாசத்துக்குள்ள ஒரே ஒரு ஆளாவது முழுசா ஒரு வாரம் தங்கலைன்னா, என் பணத்துல நடக்கற லாட்ஜைப் பூட்டிட்டு வந்து என் கடையில மூட்டை தூக்கு" என்று நீ சொல்லி அனுப்பியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆள் வந்தான் அக்கா! லாஸே என்று ஒரு டென்மார்க்காரன். முதுகில் அவனைவிடப் பெரிய பை. சத்தமில்லாத, செலவில்லாத கடற்கரையைத் தேடி கானா முழுக்க வேனில் இடிபட்டு வந்திருக்கிறான். வந்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று கடலுக்கு ஓய்வு, ஒரு படகும் இறங்காது என்பது உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாதே! "இப்படி ஒரு அமைதிய நான் பாத்ததே இல்ல, ஒரு வாரம் தங்கறேன்" என்றான். நானும் வாயைத் திறக்கவில்லை. கேட்காததைச் சொல்வானேன்?

புதன் விடிந்ததும் முப்பது பேர் அவன் ஜன்னலுக்குக் கீழே நின்று, தகரத்தைத் தட்டி, தொண்டை கிழியப் பாடி வலை இழுத்தார்கள். அரைக்கால் சட்டையோடு அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தான். மீனவர் தலைவர் நானா ஃபிஃபி, "வேடிக்கை பாக்கவா வந்தே? பிடிடா கயித்த!" என்று அவன் கையில் திணித்துவிட்டார். கயிற்றில் கை வைத்தவனை மீன் கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் இந்தக் கரையில் ஏது? தொப்பி நிறையக் கொடுத்தார்கள். கஞ்சனுக்கு அது போதாதா! அன்றிலிருந்து என் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கவில்லை. காலையில் வலை, மதியம் புளித்த சோளமாவுக் கென்கி உருண்டையோடு சுட்ட மீன். நாலாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு நானா வீட்டுக்கே குடிபோய்விட்டான். "அங்க வாடகை கேக்கல, சத்தமும் பழகிடுச்சு" என்கிறான், பாவி! வயிறு எரிகிறது அக்கா.

நியாயம் கேட்கப் போனால் நானா சிரிக்கிறார். "அவன் வந்து நாலு நாள்தான் ஆச்சு, ஊரே பேர் சொல்லிக் கூப்பிடுது. நீ ஆறு வருஷமா லாட்ஜ் படியில நின்னு பாக்குறே. உன் கை என்னைக்காவது நனைஞ்சிருக்கா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எப்படியோ, ஊரில் ஒரு வாரம் இருக்கப்போகிறான் அல்லவா? அதை லாட்ஜில் தங்கியதாகவே வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள். இந்த லாட்ஜ்தான் என் உயிர். செத்தாலும் இதன் படியை விட்டு இறங்க மாட்டேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உன் இரத்த அழுத்தத்துக்கு என் பிரார்த்தனை.

உன் தம்பி,
எகோவ்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், அந்தப் பயலைக் கையோடு இழுத்து வரலாமென்று இன்று காலை கரைக்கு இறங்கினேன். பெரிய அலை வந்து வலையைப் பிடுங்கியது. எல்லாரும் கத்தினார்கள், நானும் யோசிக்காமல் கயிற்றைப் பிடித்துவிட்டேன். உள்ளங்கைத் தோல் உரிந்துபோயிற்று. நானா ஒரு கூடை மீனை என் காலடியில் வைத்து, "எகோவ், நாளைக்குச் சீக்கிரம் வந்துரு" என்றார். லாட்ஜ் சாவியை இத்துடன் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், யாருக்காவது விட்டுவிடு. மூட்டை தூக்கவும் வேறு ஆள் பார்த்துக்கொள் அக்கா. எனக்கு நாளைக்கு வேலை இருக்கிறது.