கம்பளத்தின் நடுவே ஒரு சிவப்புச் சதுரம்

மூன்று கொட்டேஷன் வாங்கிவிட்டால் போதும், அதற்கு மேல் மனிதனுக்கு மூளை தேவையில்லை என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று உண்டு.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஹைதராபாத் எல்லையில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் உதவியாளன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தர ஆர்டர் டைப் ஆகி, பிரிவு அதிகாரி ராவ் சாரின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. அதைவிட ஆவலாகச் சிகந்தராபாத்தில், எனக்குப் பேசி வைத்திருந்த ஜெயசீலியின் அப்பா காத்திருந்தார். ரயில்வே கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். "டெம்பரவரி மாப்பிள்ளை எனக்கு வேணாம் தம்பி. சிக்னல் விழட்டும், வண்டிய எடுப்போம்" என்று சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ராவ் சார் கூப்பிட்டார். (மதராஸில் நாலு வருடம் இருந்ததால் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் தெலுங்கு முந்திக்கொள்ளும்.)

"கான்ஃபரன்ஸ் ஹால் கார்பெட்டுக்கு ஒரு வாக்குவம் கிளீனர் பாரய்யா. டெல்லி டைரக்டர் வராரு. சீப்பா இருக்கணும், நல்லாவும் இருக்கணும்."

விதிப்படி, குறைந்த விலை சொன்னவரிடம்தான் வாங்க வேண்டும். கூடுதல் விலைக்கு வாங்கினால் காரணம் எழுத வேண்டும். எனக்கோ நியாய உணர்ச்சி பீறிட்டது. மூன்று கம்பெனிக்காரர்களையும் ஒரே நாளில் மெஷினோடு வரச் சொன்னேன். அது டைரக்டர் வருவதற்கு முந்தின நாளாக அமைந்தது. கம்பளத்தின் மேல் சாக்பீஸால் மூன்று சதுரம் போட்டேன். ஒவ்வொன்றிலும் சரியாக ஒரு டப்பா ஒர்க்‌ஷாப் தூசி. யாருக்கும் பாரபட்சம் கூடாதல்லவா?

தூசி சேர்த்துக் கொடுத்தவர் பெருக்கும் மஹபூப் பீ. திருமலகிரியில் தமிழ்க்காரர்கள் நடுவே வளர்ந்தவர்.

"கைக்கு சாப்? ஏன் இந்த வேலை? பதினஞ்சு வருஷமா நான் வெளிய தள்ளுறேன், நீங்க அளந்து உள்ள கொட்டுறீங்க!"

முதல் மெஷின், மூன்றில் மலிவானது. தூசியை முன்னால் இழுத்துப் பின்னால் மூச்சு விட்டது. இரண்டாவது போட்ட சத்தத்தில் பக்கத்து அறை டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தார், தூசி அசையவில்லை. மூன்றாவது, விலை கேட்டாலே தலை சுற்றும் ரகம். அது நான் கொட்டிய தூசியைக் குடித்தது. அதற்கடியில் இருந்த பதினைந்து வருடத் தூசியையும் குடித்தது.

கம்பளத்தில் பளீரென்று ஒரு சிவப்புச் சதுரம் முளைத்தது.

காப்பிப்பொடி நிறக் கம்பளம் என்றுதான் அதுவரை ஆபீஸே நினைத்திருந்தது. (ஃபைலில் நானே 'பழுப்பு நிறம்' என்று எழுதியிருந்தேன்.)

"மிச்சத்தையும் கொஞ்சம் பண்ணிக் கொடுங்களேன்" என்று விற்பனையாளரிடம் கெஞ்சினேன்.

"நாலு மணிக்கு அபிட்ஸ்ல இன்னொரு டெமோ இருக்கு சார். ஆர்டர் போடுங்க, நாலு வாரத்துல வந்துரும்." குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஹால் நடுவில் அந்தச் சதுரம் நெற்றிப் பொட்டு மாதிரி மின்னியது. நாளைக்கு டைரக்டர் கண் முதலில் அங்கேதான் போகும். முழுக் கம்பளத்தையும் சிவப்பாக்க வழியில்லை. ஆகவே, சிவப்பைப் பழுப்பாக்குவது என்று முடிவு செய்தேன். (இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு என் மேல் ஏற்பட்ட மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.)

மஹபூப் பீ துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டார். "நக்கோ சாப், என்னால ஆகாது. அழுக்கு எடுக்கத்தான் எனக்குச் சம்பளம். அழுக்கு பண்ண நீங்களே பண்ணிக்குங்க."

முட்டி போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் தூசியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருமல். ராவ் சார். அவர் பக்கத்தில், ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்ட டைரக்டர்.

"ஏமய்யா! ஏஞ்சேஸ்துன்னாவு? என்ன பண்றே அங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"கார்பெட்ட அழுக்காக்கிட்டு இருக்கேன் சார்."

டைரக்டர் என்னையும் கம்பளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கேரி ஆன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ராவ் சார் அப்படிச் சொல்லவில்லை. நிரந்தர ஆர்டர் கையெழுத்தாகாமல் திரும்பியது. அதற்குப் பதிலாக, 'இவரது நடவடிக்கையை மேலும் ஆறு மாதம் கவனிக்க வேண்டும்' என்று வேறொரு தாள் வந்தது. வாக்குவம் கிளீனர் ஃபைல் நிதிப் பிரிவுக்குப் போய், 'ஃபைலில் உள்ளது பழுப்புக் கம்பளம், சோதித்தது சிவப்புக் கம்பளம். விளக்கம் தேவை' என்ற குறிப்போடு என்னிடமே திரும்பி வந்தது.

ஆனால் உண்மையான சேதம் சிகந்தராபாத்தில். "கையெழுத்துதான் பாக்கி மாமா" என்ற என் பேச்சை நம்பி, கல்யாணத்துக்கு முன் சர்ச்சில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய அறிவிப்பை அவர் இரண்டு ஞாயிறு வாசிக்க வைத்திருந்தார். மூன்றாவது ஞாயிறு வாசிக்க வேண்டாமென்று அவரே போய் நிறுத்திவிட்டு வந்தார். நின்றுபோன கல்யாணத்துக்குக் காரணம் தெரியாமல் சபையே தவித்தது. எனக்கு மதராஸில் ஒரு குடும்பம் இருப்பதாகக்கூட ஒரு பேச்சு.

ஆறு மாதம் கழித்து ஆர்டரில் கையெழுத்து விழுந்தது, கல்யாணமும் நடந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும், காப்பியை நீட்டும்போதே ஜெயசீலி ஆரம்பித்துவிடுவாள்:

"இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை தெரியுமான்னு சர்ச்சுல ரெண்டு வாரம் கேட்டாங்க. எத்தனை பேர் இருந்தாங்க தெரியுமா? மனுஷங்க ஒருத்தரும் எழுந்திரிக்கலைங்க. ஒரு கார்பெட்டுக்குத்தான் என் மேல அக்கறை இருந்துச்சு."