டூப்பு மேஸ்திரியும் பத்தாவது வீச்சும்

உலகத்திலேயே பெரிய சந்தேகப் பிராணி மீன்தான் என்று ஒருவர் என்னிடம் சத்தியம் செய்தார். அவரோடு ஆறு வருஷம் பழகிய பிறகு சொல்கிறேன்: மீன் இரண்டாவது. முதலிடம் அவருக்குத்தான்.

எழுபதுகளின் பிற்பகுதி. கும்மிடிப்பூண்டியில் முள்ளுக்காட்டை வெட்டி ஒவ்வொரு தொழிற்சாலையாக முளைத்துக்கொண்டிருந்த நேரம். அதில் ஒன்றில் எனக்கு டைம் ஆபீஸ் குமாஸ்தா வேலை. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று எழுதுவேன். அங்கே டூல் ரூம் ஃபிட்டராக இருந்தவரைத்தான் எல்லோரும் டூப்பு மேஸ்திரி என்றார்கள். வருகை அட்டையில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

மேஸ்திரிக்கு மீன் பிடிக்கிற பைத்தியம். அதிலும் புழுவோ இறாலோ வைத்துப் பிடிப்பது அவருக்குக் கேவலம். டூப்பு மீன் செய்து, அதைக் காட்டி நிஜ மீனை ஏமாற்ற வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் பட்டறை மேஜையில் குனிந்து, தேய்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைச் சீவி மீனாக்குவார். மனைவியின் கல்யாணப் புடவை ஜரிகையைப் பிரித்து அதற்கு வால் கட்டுவார். ஆட்டுக்குட்டிக் கழுத்துச் சலங்கையைக் கட்டிய மீன் ஒன்று இருந்தது. தண்ணீருக்குள் ஜல் ஜல் என்று போகுமாம். தூண்டிலுக்கு நரம்பு சுற்றும் உருளைகூடப் பழைய சைக்கிள் ஹப்பில் அவரே செய்தது.

அவர் பெருமையாக நினைத்தது கண்ணாடி மீனை. குங்குமச் சிமிழின் வட்டக் கண்ணாடியைப் பித்தளைத் தகட்டில் பதித்திருந்தார்.

"இது எதுக்கு மேஸ்திரி?"

"நீ எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான்."

"சும்மா எவனும் கேக்கமாட்டான் சார்." நாலு பக்கமும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "மீனு வரும். கண்ணாடில அதும் மூஞ்சியே தெரியும். எவன்டா இவன், நம்ம ஏரியாவுலன்னு சந்தேகம் வரும். சந்தேகத்துலயே கட்ச்சிடும். போய் எவன்கிட்டயாவது சொன்னே, அடுத்த மாசம் ஜப்பான்காரன் இதைப் போட்டுக்கினு இருப்பான்."

ஜப்பான்காரன் வேலை வெட்டி இல்லாமல் கும்மிடிப்பூண்டி டூல் ரூமையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அதனால் யாராவது பக்கத்தில் வந்தால் மேஜைமேல் நியூஸ் பேப்பரைப் போட்டு மூடுவார். தன் மீன்களுக்கு ஏழு, நாற்பது, மூன்று என்று தாறுமாறாக நம்பர் போட்டிருந்தார், திருடுகிறவன் குழம்பட்டும் என்று. முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் டீ குடிப்பார். நான் நேரம் குறிக்கிறவன் அல்லவா, தன்னைக் கண்காணிக்கவே கம்பெனி என்னை வைத்திருக்கிறது என்று நினைத்தார். அட்டையில் நேரம் பதித்ததும் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு சூரியனைப் பார்ப்பார், கடைசியில் என்னைப் பார்ப்பார்.

இத்தனை டூப்பு செய்தும் ஆறு வருஷத்தில் அவர் பிடித்தது கைவிரல் நீளக் கெளுத்தி ஒன்று. அதுவும் முதுகில் முள் குத்தி மாட்டியது.

இப்படி இருக்கும்போது கேன்டீனில் ஸ்பூன் குறைய ஆரம்பித்தது. எவர்சில்வர் ஸ்பூன், கைப்பிடியில் கம்பெனி முத்திரை. மாதாமாதம் புதிதாக வாங்கினாலும் கரைந்துபோனது. கடைசியில் தயிர்சாதத்துக்கு ஸ்பூன் கேட்டால், "கை இன்னா ஆச்சு?" என்று கேட்டார்கள். எல்லோரும் எல்லோரையும் ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினோம்.

ஒருநாள் மேஸ்திரி இல்லாத நேரத்தில் நான் அந்த நியூஸ் பேப்பரைத் தூக்கிப் பார்த்தேன். தப்புதான், பார்த்துவிட்டேன். அடியில் பளபளவென்று, ஸ்பூனின் குழிந்த வாய்போல ஒன்று. ஒரு முனையில் ஓட்டை, மறு முனையில் மூன்று கொக்கி கொண்ட தூண்டில் முள். உடனே ஓடிப்போய் எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாளே மேஸ்திரிக்கு மெமோ வந்தது. திருட்டு நிரூபணமானால் வேலை போய்விடும்.

விசாரணை அதிகாரி, பர்சனல் ஆபீசர். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்பதுபோல இருப்பார். எதிரே மேஸ்திரி நின்றார். பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் வேலை எனக்கு.

"இது ஸ்பூன்தானே?"

"இல்ல சார். எங்க ஊட்டு ஒடஞ்ச சொம்பு. பித்தளையத் தட்டி, முலாம் பூசிகீறேன்."

"கேன்டீன் ஸ்பூன் மாதிரியே இருக்கே?"

மேஸ்திரிக்கு வந்ததே கோபம். வேலை போவதைவிட இந்த ஒப்பிடுதல்தான் அவரைச் சுட்டது.

"சார், உங்க ஸ்பூனு ஒரு ஸ்பூனா? அதுல ஆட்டம் கீதா? தண்ணில வுட்டா பொணம் மாதிரி போவும். என் தகடு போறதப் பாருங்க, டான்ஸ் ஆடும். உங்க ஸ்பூன எந்த மீனாவது கட்ச்சிதுன்னா, நான்தான் திருடன்னு எழுதிக்க சார். வாங்க ஏரிக்கு. உங்க ஸ்பூனையே பத்து வாட்டி வீசறேன்."

ஆபீசர் சட்டப் புத்தகங்களை மனசுக்குள் புரட்டியிருக்க வேண்டும். ஏரிக்கு வரக்கூடாது என்று எதிலும் இல்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பழவேற்காட்டு ஏரியில் நாங்கள் மூன்று பேரும், கோல் போட்டுப் படகு தள்ளிய நடேசனும். ஆபீசர் குடை பிடித்துக்கொண்டு, படகு விளிம்பை ஒரு கையால் இறுக்கியபடி இருந்தார்.

"வலை போட்டா கூடை ரொம்புது சார்," என்றார் நடேசன். "இந்த நைனா இன்னாடான்னா ஆறு வருசமா மீனுக்குப் பொம்மை காட்டிக்கினு கீறாரு. மீனெல்லாம் பார்த்துட்டு, நாளைக்கு இன்னா பொம்மைன்னு கேட்டுக்கினு போவுது."

"நீ கம்முனு கோலைப் போடு," என்றார் மேஸ்திரி.

ஆபீசர் கொண்டுவந்திருந்த கேன்டீன் ஸ்பூனில் அவர் முன்னாலேயே மேஸ்திரி ஓட்டை போட்டு முள் மாட்டினார். முதல் வீச்சு. ஒன்றுமில்லை. "பார்த்தீங்களா சார், பொணம்!" இரண்டு, மூன்று. ஒன்றுமில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் மேஸ்திரி முகம் மலர்ந்துகொண்டே போனது. மீன் கடிக்கவில்லை என்று ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒன்பதாவதும் வெறுமனே வந்ததும் ஆபீசர் குடையைக் கக்கத்தில் இடுக்கி, நோட்டைத் திறந்து, குனிந்து 'குற்றம் நிரூபணமாகவில்லை' என்று எழுத ஆரம்பித்தார்.

பத்தாவது வீச்சு. ஸ்பூன் விழுந்த இடத்தில் தண்ணீர் வெடித்தது.

தூண்டில் மூங்கில் வில்லாக வளைந்தது. சைக்கிள் ஹப் கிர்ரென்று அலறியது. ஆபீசர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நானும் நடேசனும் பார்த்துவிட்டோம்.

"அறுத்துவுடு நைனா!" நடேசன் கிசுகிசுத்தார். "அவுரு பாக்கல. வேலை பூடும், அறுத்துவுடு!"

மேஸ்திரி இடுப்பிலிருந்த கத்தியை உருவினார். நரம்புமேல் வைத்தார். அந்தக் கணத்தில் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேனா என்ற பார்வை. சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். அப்போது மீன் ஒரு முறை மேலே துள்ளியது. கொடுவா! வெள்ளிப் பாளம் போல.

கத்தி படகுக்குள் விழுந்தது.

"போய்யா! ஆறு வருசமா வராதவன் இன்னிக்கு வந்துகீறான். இவனப் போயி அறுத்துவுடச் சொல்றே! சார், சார், வாயப் பாருங்க சார், எப்பிடிக் கவ்விகீறான்!"

அரைமணி நேரப் போராட்டம். மீன் படகுக்குள் விழுந்தபோது ஆபீசரின் குடை ஏரியில் மிதந்தது.

"கடிச்சிடுச்சே," என்றார் ஆபீசர்.

"கட்ச்சிடுச்சி சார்!" மேஸ்திரி முகமெல்லாம் பல்.

"அப்போ நீங்கதான் திருடன்னு எழுதணுமே."

"எழுதிக்க சார்," என்றார் மேஸ்திரி, மீனிடமிருந்து கண்ணை எடுக்காமலே.

ஆபீசர் எதையும் எழுதவில்லை. தான் எழுதிய வரியை அடித்துவிட்டு, என்னைப் பார்த்து, "மீன் மாட்டியதுன்னு மட்டும் குறிச்சுக்குங்க" என்றார். 'சுமார் ஒரு முழம்' என்று எழுதி, தேதி போட்டேன்.

எனக்கும் ஒரு துண்டு மீன் கிடைத்தது. வீட்டில் குழம்பு கொதித்தது. மனைவி உப்பு பார்க்க ஒரு ஸ்பூனில் எடுத்து நீட்டினாள். வாயருகே போன ஸ்பூனின் கைப்பிடியில் எங்கள் கம்பெனி முத்திரை.

"இது எங்கேர்ந்து வந்துது?"

"இன்னாத்துக்கு இப்பிடி முழிக்கிறீங்க? நீங்கதானே சாப்ட்டுட்டு டிபன் கேரியர்ல போட்டுக்கினு வர்றீங்க. கழுவும்போது எடுத்து வெக்கிறேன்."

உப்பு ஜாடியில் ஒன்று, ஊறுகாயில் ஒன்று, காப்பித்தூளில் ஒன்று. மொத்தம் பதினொன்று. வீட்டிலிருந்து கொண்டுபோகிற சாப்பாட்டைக் கேன்டீன் ஸ்பூனால் சாப்பிட்டு, மணி அடித்ததும் அவசரமாகப் பாத்திரத்தோடு சேர்த்து மூடிக்கொண்டு வந்த மகானுபாவன் நானேதான்.

திங்கள் காலை பதினொன்றையும் ஆபீசர் மேஜையில் வைத்தேன். அவர் அவற்றைப் பார்த்தார். பிறகு தன் பையைத் திறந்து ஒன்பது ஸ்பூனை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"வேலை போகும்னு தெரிஞ்சும் மீனை விடாத ஆள் பொய் சொல்லமாட்டான்னு தோணிச்சு. அப்போ யாருன்னு யோசிச்சேன். வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தேன்," என்றார்.

அவரவர் வீட்டு ஸ்பூனைக் கேள்வி கேட்பாரின்றித் திருப்பலாம் என்று அறிவிப்பு ஒட்டினோம். வந்து குவிந்தவை கம்பெனி வாங்கியதைவிட அதிகம். ஒன்றில் எந்த ஊர் ஹோட்டல் பெயரோ தெலுங்கில் இருந்தது. மெமோ ரத்தானது.

மேஸ்திரி நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வந்தார். கதவைச் சாத்தினார்.

"என் மேல எழுதிக் குட்த்தது நீதானே சார்?"

"ஆமா மேஸ்திரி. தப்புதான்."

"அத்த வுடு. என் டிசைனப் பாக்கத்தானே ரெண்டு பேரும் ஏரிக்கு வந்தீங்க? எனக்குத் தெரியும். அதையும் வுடு. மீனு இன்னா நீளம்னு எழுதிகீறே? காட்டு."

விசாரணைக் கோப்பைக் காட்டினேன். விரலை வைத்துப் படித்தார். கண் கலங்கிவிட்டது.

"ஒரு முழமா? ரெண்டு முழம் சார் அது! மனசாட்சி வேணாமா?"

உண்மையில் அது ஒன்றரை முழம். நான் பேனாவை எடுத்து, ஒன்றை அடித்து, இரண்டரை என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். என் உத்தியோகத்தில் தெரிந்தே நான் எழுதிய பொய்க்கணக்கு அது ஒன்றுதான். மூன்றாகவே போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.