கடைசியா என்ன மாத்துனீங்க?

புதுக்கோட்டை மாவட்டத்தில் எது கெட்டுப்போனாலும், அதைக் கெடுத்தது நீங்கள்தான் என்று உங்கள் வாயாலேயே சொல்ல வைக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ‘கடைசியா’ சார்.

ஆவூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார். லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் இருந்த அறைக்குத் தன்னைத் தானே பொறுப்பாளராக நியமித்துக்கொண்டவர். எது மக்கர் பண்ணினாலும் ஒரே கேள்விதான்: “கடைசியா என்ன மாத்துனீங்க?” வைத்தியமும் ஒன்றுதான்: “அதத் திருப்பி மாத்துங்க.” வாட்ச்மேனின் வயிற்றுவலிக்கும் இதே கேள்வி, இதே வைத்தியம். கல்யாணமான மறு வாரமே முகம் வாடி வந்த பி.டி. வாத்தியாரையும் விடவில்லை. “மாலை மாத்துனேன் சார்” என்றார் அவர், பாவம். அன்று மட்டும் சார் வைத்தியம் சொல்லவில்லை.

ரீஸ்டார்ட் பண்ணலாமா என்று கேட்டால் தொலைந்தோம். “காய்ச்சக்காரனத் தூங்கவச்சு எழுப்புனா காய்ச்ச போயிருமா?”

இப்பேர்ப்பட்டவரிடம் ஒரு நாள் என் தலையெழுத்து சிக்கியது. டிரான்ஸ்ஃபருக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு சரி. என் வீடு கந்தர்வக்கோட்டையில். இரண்டு பஸ் மாற வேண்டும். என் மூன்று வயது மகள் நான் கிளம்பும்போதும் தூங்குவாள், போய்ச் சேரும்போதும் தூங்குவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை விருந்தாளி மாதிரி பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை.

இணைய இணைப்பு இருந்தது ஒரே கம்ப்யூட்டரில். போனில் விண்ணப்பப் பக்கம் திறக்கவேயில்லை. நாலேகாலுக்கு உட்கார்ந்து, சான்றிதழை ஏற்றும் பொத்தானை அழுத்தினேன். பிரவுசர் பட்டென்று மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடியது. சாரைக் கூப்பிட்டேன்.

“கடைசியா என்ன மாத்துனீங்க டீச்சர்?”

“சத்தியமா ஒண்ணும் மாத்தல சார்.”

“ஒண்ணும் மாத்தாம எதுவும் கெடாதுங்க. நல்லா யோசிங்க.”

“மணி நாலரை சார்! என்னைய விட்டுட்டு மெஷின விசாரிங்க!”

“இங்கிட்டுத் தள்ளுங்க.”

கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, அதில் கட்டளை தட்டி பிரவுசரைக் கிளப்பினார். மூடும்போது அது கக்கிய வரிகளை ஒவ்வொன்றாக, சாவகாசமாக வாசித்தார். நான் கடிகாரத்தை வாசித்தேன்.

“ஆட்-ஆன் எதுவும் இல்லாமத் தொறந்து பாப்பம்” என்றார். பிரவுசரோடு நாம் கூடுதலாக ஒட்டவைக்கும் சமாச்சாரங்கள் அவை. அவற்றை நிறுத்திவிட்டுத் திறந்தார். மூடவில்லை! சான்றிதழ் சமர்த்தாக ஏறியது. நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

“யாரோ புதுசா ஒட்டவச்சுருக்காங்க. இந்தா, இப்பத் தெரிஞ்சுரும்” என்று பட்டியலைத் திறந்தார். பக்கங்களின் வெள்ளைப் பின்னணியைக் கறுப்பாக்கும் ஆட்-ஆன். சேர்த்தது அன்று காலை.

“கடைசியா மாத்துனது யாரு சார்?”

“நாந்தாங்க டீச்சர். கண்ணு கூசுச்சு.”

சிரிக்க வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் பதறிப்போய்த் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

டிரான்ஸ்ஃபர் கிடைத்தது. மகளுக்கு இப்போது நானே தலை வாரிவிடுகிறேன். போன வாரம் புதுப் பள்ளியில் பிரவுசர் மறுபடி மூடிக்கொண்டது. ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னார்கள். யாரும் என்னைக் குற்றவாளியாக்கவில்லை. அது என்னவோ போலிருந்தது. சாருக்குப் போன் போட்டேன்.

“கடைசியா என்ன மாத்துனீங்க டீச்சர்?”

“பள்ளிக்கூடத்த மாத்துனேன் சார்.”



“அத மட்டும் திருப்பி மாத்திறாதீங்க” என்றார்.