நன்றி மட்டும் சொல்லும் பட்டன்

ஒரு காட்டில் ஒரு வெப்சைட் இருந்தது. சிங்கம் இருந்தது என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அந்தக் காட்டில் சிங்கமே கிடையாது. ராஜா ஒரு புலி. மாசி மாதம் பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில் அந்த ஊர் ராஜா தன் வெப்சைட்டைக் காட்டிக் காட்டிப் பீற்றிக்கொண்டார். திரும்பி வந்த புலிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நமக்கும் ஒண்ணு வேணும்" என்றார் புலி.

"எதுக்குங்க ராஜா?" என்று கேட்டார் காரியதரிசி ரத்தினசாமி. அவர் கரடி.

"எதுக்குன்னு நீ யோசி."

ரத்தினசாமி யோசித்தார். கோடையில் அந்தக் காட்டில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிஞ்சும். காலையில் மான்கள், வெயில் ஏறியதும் யானைகள், பொழுது சாயும்போது மற்றவர்கள் என்று யாரும் சொல்லாமலே குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இப்படிச் சிக்கலில்லாமல் நடக்கும் காரியத்தைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் கை அரிக்கும். இனிமேல் வெப்சைட்டில் பெயர் பதிந்தவர்களுக்குத்தான் தண்ணீர். பெயர்ப் பட்டியல் குளக்கரையில் இருக்கும் முதலைக்குப் போகும். அதில் பெயர் இல்லாதவர்கள் முதலையிடமே பேசிக்கொள்ளலாம். சித்திரை முதல் நாள் திறப்பு விழா.

வெப்சைட்டைக் குரங்கு ஒருவன் எழுதினான். அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு அன்னக்கொடிக்கு வந்தது.

அன்னக்கொடி ஒரு எறும்புத்தின்னி. மூன்று வருஷமாகத் தற்காலிக ஊழியர். வேலை செய்யாத ஒன்றை வேலை செய்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அதனால்தான் மூன்று வருஷமாகத் தற்காலிகம். யாராவது குரலை உயர்த்தினால் சட்டென்று பந்தாகச் சுருண்டுகொள்வாள். மீட்டிங்கில் இருப்பவர்கள் அவளை ஓரமாக உருட்டிவிட்டு மேற்கொண்டு பேசுவார்கள்.

"டெஸ்டிங்குக்கு ஒரு டூல் வாங்கிக்கலாம்னு ராஜா உத்தரவு" என்றார் ரத்தினசாமி. "ஒண்ணுதான். எதுன்னு நீயே பார்த்துச் சொல்லு."

இரண்டு பேர் டெமோ காட்ட வந்தார்கள். முதலில் வந்தவன் வெட்டுக்கிளி. உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டான்.

"மேடம், நாங்க பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங். கூட்டம் வந்தா தாங்குமான்னு பார்ப்போம். பத்தாயிரம் பேர் ஒரே நேரத்துல உள்ளே இறங்குவோம். பக்கத்துக் காட்டு வெப்சைட் எங்க ஆளுங்க வந்ததும் மூணே நிமிஷத்துல படுத்துடுச்சு."

சொன்னபடியே பத்தாயிரம் வெட்டுக்கிளிகள் இறங்கின. வானம் கறுத்தது. எல்லாரும் பெயரை எழுதி, 'பதிவு செய்க' என்ற பட்டனை அமுக்கினார்கள். எல்லாருக்கும் கண் இமைக்கும் நேரத்தில் 'நன்றி' என்று வந்தது. வெப்சைட் அசையவே இல்லை.

வெட்டுக்கிளிக்கே முகம் தொங்கிப்போயிற்று. "இந்த மாதிரி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை மேடம்."

ரத்தினசாமிக்கு வாயெல்லாம் பல். குரங்கை அழைத்து முதுகில் தட்டினார். குரங்கு ஏனோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவதாக வந்தது மரங்கொத்தி. அது ஃபங்ஷனல் டெஸ்டிங். கூட்டம் கூச்சல் எதுவும் இல்லை. ஒவ்வொரு பட்டனாகக் கொத்திப் பார்த்து, செய்ய வேண்டிய வேலையை அது செய்கிறதா என்று மட்டும் கவனித்தது. பெயரை எழுதாமல் கொத்தியது. வயது என்ற இடத்தில் 'வாழைப்பழம்' என்று எழுதிக் கொத்தியது. எல்லாவற்றுக்கும் 'நன்றி' வந்தது.

"அக்கா, இது யாருக்கு வேணா நன்றி சொல்லுது. ஆனா ஒரு பேரும் பட்டியல்ல ஏறலையே?" என்றது மரங்கொத்தி.

அன்னக்கொடி பட்டியலைத் திறந்து பார்த்தாள். பத்தாயிரம் வெட்டுக்கிளிகள் பெயர் கொடுத்திருந்த பட்டியல் துடைத்துவிட்டது போல இருந்தது. குரங்கைப் பிடித்துக் கேட்டாள்.

"பட்டனை இன்னும் பட்டியலோட இணைக்கலை" என்றான் குரங்கு. "பட்டன் என்ன கலர்னு எட்டு மீட்டிங் போட்டாங்க. அது என்ன வேலை செய்யணும்னு ஒரு மீட்டிங்கும் போடலையே?"

அன்றைக்கே இணைக்கச் சொன்னாள். இணைத்ததும் பெயர்கள் ஒழுங்காக ஏறின. மரங்கொத்திக்குத் திருப்தி. வெட்டுக்கிளியை மறுபடியும் கூப்பிட்டாள். நாற்பதாவது வெட்டுக்கிளி பட்டனை அமுக்கியதும் வெப்சைட் குப்புற விழுந்தது. எழுப்பி நிறுத்தினார்கள், மறுபடியும் நாற்பதில் விழுந்தது. அந்தக் காட்டில் நாலாயிரம் பேர் இருந்தார்கள்.

அன்னக்கொடி இரண்டையும் ரத்தினசாமியிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அதாவது, பட்டன் வேலை செஞ்சா வெப்சைட் விழுது. வேலை செய்யலேன்னா நிக்குது. அப்படித்தானே?"

"ஆமாங்க சார். இன்னும் ஒரு மாசம் டைம் குடுத்தா..."

"பட்டனைப் பட்டியல்லேர்ந்து கழட்டிடு. டெஸ்டிங்ல ஏறின பேரையும் அழிச்சிடு."

"சார், அப்புறம் யாருக்கும் தண்ணி கிடைக்காதே!"

"தண்ணி நம்ம டிபார்ட்மென்ட் இல்லைம்மா. ராஜா வந்து பார்க்கறப்ப வெப்சைட் நிக்கணும், அதுதான் நம்ம வேலை. வெட்டுக்கிளியையே வாங்கிக்கலாம். நல்ல டூல். மரங்கொத்திக்கு வாய் நீளம்."

"ஆனா சார்..."

"நான் உன்னைப் பொய் சொல்லச் சொன்னேனா?" என்று குரலை உயர்த்தினார் கரடி.

அன்னக்கொடி சுருண்டுவிட்டாள். அவள் விரியும்வரை காத்திருந்து ரிப்போர்ட்டை நீட்டினார். அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: எத்தனை பேர் வந்தால் விழும்? பத்தாயிரம் பேர் வந்தும் விழவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனாலும் வளைக்குப் போகும் வழியெல்லாம் அதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

பதிவு தொடங்கியது. எல்லாரும் சிக்னல் கிடைக்கும் மொட்டைப் பாறையில் ஏறிப் பெயர் கொடுத்துவிட்டுச் சிரித்த முகமாக இறங்கி வந்தார்கள். அன்னக்கொடியின் பக்கத்து வளை முயல் வெள்ளையம்மா ஐந்து குட்டிகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தாள்.

"நமக்கெல்லாம் யாரு அன்னக்கொடி நன்றி சொல்லியிருக்காங்க? ஆறு தடவை சொல்லிட்டாங்க பாரேன்!" என்று போனைக் காட்டினாள். அன்னக்கொடிக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது.

சித்திரை முதல் நாள் விடிந்தது. காடே குளக்கரையில் நின்றது. முதலை படியில் குறுக்கே படுத்துக்கொண்டு பட்டியலைத் திறந்தது. புரட்டியது. திருப்பிப் பார்த்தது.

"ஒரு பேரும் இல்லையே!" என்று உறுமியது. "பட்டியல்ல பேர் இல்லாம ஒருத்தர் நாக்கும் நனையாது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

"எங்களுக்கு நன்றி வந்துச்சே!" என்று கூட்டம் கத்தியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யானைகள் தும்பிக்கையால் மண்ணைத் தட்ட ஆரம்பித்தன. ரத்தினசாமி ராஜாவை அழைத்துவரப் போனவர் போனவர்தான். வெள்ளையம்மாவின் கடைசிக் குட்டி தண்ணீரைப் பார்த்தபடியே மண்ணை நக்கியது.

"இந்த வெப்சைட்டுக்குக் கையெழுத்துப் போட்டது யாரு?" என்று கர்ஜித்தது முதலை.

அன்னக்கொடிக்கு முதுகு தானாக வளைந்தது. அந்தக் குட்டியைப் பார்த்தாள். வளைந்த முதுகைக் கஷ்டப்பட்டு நிமிர்த்தினாள். நடந்து முன்னால் போனாள்.

"நான்தானுங்க."

"பட்டியல் ஏன் காலியா இருக்கு? இது தப்புதானே?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு அந்த வாக்கியம் வாயில் வந்தது. அதுவரை அதை வெப்சைட் எழுதும் குரங்குகள் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள்.

"தப்பு இல்லைங்க. அது அப்படித்தான் டிசைன்."

"என்ன டிசைன்?"

"அது தண்ணி குடிக்கக் கூடாதவங்க பட்டியலுங்க. அதுல யார் பேர் இருக்கோ அவங்களை மட்டும் நீங்க விடக்கூடாது."

முதலை பட்டியலை இன்னொரு தடவை பார்த்தது. நிதானமாக யோசித்தது.

"அப்போ இன்னிக்கு எல்லாரும் குடிக்கலாமா?"

"ஆமாங்க."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்று முதலை நகர்ந்து படுத்தது.

கூட்டம் இறங்கியது. புலி மாலையும் கழுத்துமாக வந்து சேர்ந்தபோது காடே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது, வெப்சைட் நின்றுகொண்டிருந்தது. ராஜா நெகிழ்ந்துபோனார். ரத்தினசாமியை அங்கேயே மந்திரியாக்கினார். அன்னக்கொடிக்கு வேலை நிரந்தரம் ஆயிற்று. டிசைன் அதிகாரி என்று பதவியும் வந்தது.

அடுத்த வாரம் மரங்கொத்தி விஷயம் கேள்விப்பட்டு வந்தது.

"அக்கா, மனசு கேட்கலை. காசே வேண்டாம், அந்தப் பட்டனை நான் சரி பண்ண வச்சுத் தர்றேன்."

அன்னக்கொடி பதறிப்போய் அதன் அலகைப் பொத்தினாள்.

"ஐயோ, சத்தம் போடாதே சாமி! அது வேலை செஞ்சா பேரெல்லாம் பட்டியல்ல ஏறும். பேர் ஏறினா முதலை யாரையும் குடிக்க விடாது. காடே செத்துப்போகும்!"

பிறகு வெகுநேரம் யோசித்து, ராஜாவிடம் போய் நின்று தனி உத்தரவு வாங்கி, மரங்கொத்தியையும் வேலைக்கு வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் அது தினமும் காலையில் ஒரு தடவை பட்டனைக் கொத்திப் பார்க்கிறது. பட்டன் எதுவும் செய்யவில்லை என்று உறுதியான பிறகுதான் அந்தக் காட்டில் எல்லாரும் தண்ணீரில் வாய் வைக்கிறார்கள்.

நீதி: எந்த வேலையும் செய்யாத பட்டனை எத்தனை பெரிய கூட்டம் வந்தாலும் சாய்க்க முடியாது, நீங்களும் நன்றி சொல்லிக்கொண்டு அப்படியே இருங்கள், பதவி தேடி வரும்.