எஞ்சின் பரா மரிப்பு

விமானம் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை, ஒரு விபத்தையும் சந்திக்காமல், ஒரு சொட்டுப் பெட்ரோலையும் வீணாக்காமல், வானத்தில் போகிற ஒரு காக்கையைக்கூடப் பயமுறுத்தாமல் விமானத் துறைக்குத் தொண்டாற்றிய கழகம் உலகத்திலேயே ஒன்றுதான். இதை அந்தக் கழகத்தின் செயலாளர் மிகுந்த அடக்கத்தோடு சொல்லுவார். கேட்டவர்களிடம் ஒரு தடவை, கேட்காதவர்களிடம் இரண்டு தடவை.

கழகத்துக்கு இருந்தது ஒரே ஒரு விமானம். இரண்டு பேர் உட்காரலாம். அதில் ஒருவர் ஒல்லியாக இருந்தால் நல்லது. ஓடுதளத்தைச் செப்பனிடுவதற்காக மூடியபோது விமானம் கொட்டகைக்குள் போனது. நெடுநாள் சும்மா கிடக்கிற எஞ்சின் உள்ளுக்குள் துருப்பிடிக்கும் என்று யாரோ சொல்ல, கழகம் பதறியது. பதற்றம் கூட்டமாகி, கூட்டம் குழுவாகி, 'எஞ்சின் பராமரிப்புக் குழு' பிறந்தது. ஓடுதளம் பளபளவென்று திறக்கப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. வேலை முடிந்துவிட்டது என்கிற அற்பக் காரணத்துக்காகக் குழுவைக் கலைப்பது நாகரிகமடைந்த சமுதாயத்தில் எங்கேயும் வழக்கமில்லை.

கொட்டகைக் கதவு இரட்டைக் கதவு. போர்டு எழுத வந்தவர் இடப்பக்கக் கதவில் 'எஞ்சின் பரா' என்றும், வலப்பக்கக் கதவில் 'மரிப்பு' என்றும் எழுதிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். மெக்கானிக் எப்போதும் இடப்பக்கக் கதவை மட்டும்தான் திறப்பார். வருகிறவர்கள் மூடிய கதவில் இருக்கிற 'மரிப்பு' என்பதை மட்டும் வாசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, துக்க வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்தார்கள். இந்த மரியாதை குழுவுக்கு மிகவும் பிடித்துப்போனதால் யாரும் அதைத் திருத்தவில்லை.

பராமரிப்பு என்பது செயலாளருக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். அவர் வீட்டு சோபாவைக் கல்யாணத்துக்கு வாங்கினார்கள். அதன் பாலித்தீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. குடும்பம் தரையில் உட்கார்ந்து அந்த சோபாவைப் பார்த்துச் சந்தோஷப்படும்.

கழகத் தலைவர் ஓய்வுபெற்ற டாக்டர். ஓய்வு பெற்றது அவர்தானே தவிர, அவருக்குள் இருந்த டாக்டர் இல்லை. நோயாளி கிடைக்காமல் கை நமநமத்துக்கொண்டிருந்தவருக்குப் படுத்துவிட்ட விமானம் கிடைத்தது. பார்வையாளர் நேரம் அறிவிக்கப்பட்டது. மாலை நேரத்தில் மட்டும் பார்க்கலாம், சத்தம் போடக்கூடாது. உறுப்பினர் ஒருவர் பழக்க தோஷத்தில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் இறக்கைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஆரம்பத்தில் மெக்கானிக் செய்ததெல்லாம் முறையான வேலைதான். எஞ்சினுக்குள் காப்பு எண்ணெய் பூசினார். காற்று போகிற வழியையும் புகை வருகிற வழியையும் அடைத்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்தத் துளைகளில் கண்ணாடிக் குப்பி மாதிரியான அடைப்பான்களைத் திருகினார். உள்ளே நீலக் கற்கண்டு போல ஒரு குருணை.

"இந்தக் குருணை ஈரத்தை உறிஞ்சிக்கும் சார். நீலமா இருக்கிற வரைக்கும் கவலையில்ல. ரோஸ் ஆயிடுச்சுன்னா உள்ள ஈரம் ஏறிடுச்சுன்னு அர்த்தம். உடனே மாத்திடணும்" என்று குழுவுக்கு விளக்கினார்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "என்ன சொன்னீங்க? நீலம் நல்லதா?"

"ஆமா சார்."

"தம்பி, நான் எத்தனையோ உடம்பைப் பார்த்தவன். நீலம் பாரிச்ச உடம்பு ஒண்ணுகூட எழுந்து உக்காந்து காபி கேட்டதில்ல. ரோஸ்னா என்ன? ரத்த ஓட்டம்! பொறந்த குழந்தையைப் பாருங்க, என்ன கலரு?"

"இல்ல சார், இது வந்து கெமிக்கல்..."

"உடம்பே கெமிக்கல்தான்யா."

கரவொலி எழுந்தது. ரோஜா நிறம் நலம், நீல நிறம் அபாயம் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மெக்கானிக் நின்று யோசித்தார். நீலம் நல்லது என்றால் குருணையை அடிக்கடி மாற்ற வேண்டும். ரோஸ் நல்லது என்றால் ஒன்றையும் மாற்ற வேண்டாம். "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றார். அந்த விஞ்ஞான மனப்பான்மையைப் பாராட்டி அவருக்கு ஒரு வெள்ளைக் கோட்டு வழங்கப்பட்டது.

அடுத்து, எஞ்சினுக்கு முன்னால் இருக்கிற பெரிய விசிறியில் 'சுற்றாதே' என்று தொங்கிய சிவப்பு அட்டை தலைவரின் கண்ணில் பட்டது.

"இது யார் மாட்டினது? படுத்த படுக்கையா கிடக்கிற நோயாளிக்குக் கை காலை நீட்டி மடக்கி விட வேணாமா? மரத்துப் போயிடாது?"

அட்டை அகற்றப்பட்டது. அன்றிலிருந்து காலை நடைப்பயிற்சிக்குக் கிளம்பும் உறுப்பினர்கள் எல்லாரும் கொட்டகைக்குள் நுழைந்து விசிறியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்கள். செயலாளர் மட்டும் இரண்டு சுற்று. பதவிக்கென்று ஒரு பொறுப்பு இருக்கிறதல்லவா?

மழைக்காலம் வந்தது. குருணை மெல்ல மெல்ல வெளிறி, ஒருநாள் காலையில் எல்லாக் குப்பிகளும் ஒரே ரோஜா நிறமாக ஜொலித்தன. செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "நோயாளி தேறிட்டாரு" என்று தலைவர் அறிவித்தார். உறுப்பினர்கள் சட்டையில் குத்திக்கொள்ள ரோஜா நிற பேட்ஜ் அச்சடிக்கப்பட்டது. சிறந்த பராமரிப்புக்கான கேடயம் இந்த முறை இந்தக் கழகத்துக்கே என்று மேலிடத்திலிருந்து தகவலும் வந்தது.

இந்தப் பொற்காலத்தில்தான் செயலாளரின் மைத்துனி வந்து சேர்ந்தாள். மனைவியின் தங்கை, விமானி. கழகம் பறந்துகொண்டிருந்த காலத்தில் இதே விமானத்தில்தான் பிறருக்குக் கற்றுக்கொடுத்தாள். பிறகு பிழைப்புக்காக வெளியூரில் ஒரு மேசை வேலை. இப்போது ஆம்புலன்ஸ் விமானம் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. அவள் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வேலை. ஒரே ஒரு நிபந்தனை: மாதம் முடிவதற்குள் ஒரு தடவை பறந்து காட்டினால்தான் உரிமம் செல்லும். உரிமம் போனால் வேலையும் போச்சு.

"ஒரு ரவுண்டு போதும் அத்தான். ஏறி இறங்கிடுவேன்" என்றாள்.

"அதுக்கென்னம்மா, பார்க்கலாம்" என்றார் செயலாளர். 'பார்க்கலாம்' என்பதற்குக் கழக அகராதியில் என்ன பொருள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

சமையலறையிலிருந்து மனைவி வந்து நின்றாள். "என்னங்க, என் தங்கச்சி ஒரு தடவை பறந்தா உங்க விமானம் தேஞ்சா போயிடும்?"

"தேயும்" என்றார் செயலாளர் கனிவாக. "உபயோகிச்சா எந்தப் பொருளும் தேயும்."

"அவ வேலைக்கு மட்டும் ஏதாவது ஆச்சுன்னு வைங்க, உங்களைப் பாலித்தீன்ல சுத்தி அந்த சோபாமேலயே உக்கார வச்சிடுவேன்."

செயலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார். காரசாரமான விவாதம் நடந்தது. விமானம் பறப்பது அதன் உடல்நிலைக்கு உகந்ததா? பறக்கத்தான் வேண்டுமென்றால் கொட்டகைக் கூரைக்கு மேலே போகாமல் பறக்க முடியுமா? கடைசியில் தலைவர் பெரிய மனது பண்ணினார். "சரி, ஒரு சின்ன நடை மாதிரி போயிட்டு வரட்டும். மூச்சு வாங்கினா உடனே இறக்கிடணும்."

மறுநாள் காலை உறுப்பினர்கள் ரோஜா பேட்ஜோடு திரண்டு நின்றார்கள். மைத்துனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். எஞ்சின் மூடி திறந்திருந்தது. குப்பிகளைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எப்பலேருந்து ரோஸா இருக்கு?"

"மழைக்காலத்துலேருந்தும்மா!" என்றார் செயலாளர், மகனின் மதிப்பெண்ணைச் சொல்லும் அப்பாவின் குரலில். "ஒரு நாள்கூட மாறல."

ஒரு குப்பியைத் திருகி எடுத்தாள். துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு டார்ச்சைச் செயலாளரிடம் நீட்டினாள்.

அதற்குள் தலைவர் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டார். நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. "அடடா! உள்ளேயும் செக்கச் செவேல்னு இருக்குய்யா! நல்லா ரத்தம் ஊறியிருக்கு!"

மறுபடியும் கரவொலி. செயலாளர் துளைக்குள் ஆட்காட்டி விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். சொரசொரவென்று இருந்தது. விரலை எடுத்தபோது எண்ணெயில் குழைந்த செங்கல் தூள் மாதிரி ஏதோ நுனியெல்லாம் அப்பிக்கொண்டிருந்தது. வீட்டில் இரும்புக் கதவு வைத்திருக்கிற எவனுக்கும் தெரிகிற சமாசாரம் அது. அவருக்கும் தெரிந்தது.

"துரு அத்தான்" என்றாள் மைத்துனி. சத்தம் போடவில்லை. "சிலிண்டர் பூரா துரு. உள்ள பூசின எண்ணெய் இருந்திருந்தா கொஞ்சமாவது காப்பாத்தியிருக்கும். தினமும் விசிறியைச் சுத்திச் சுத்தி அதையும் வழிச்சு எடுத்துட்டீங்க. இதை வச்சு நான் மேல போனேன்னா எங்க இறங்குவேன்னு யாருக்கும் தெரியாது."

"பயப்படறாங்க" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

மெக்கானிக் வெள்ளைக் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"பரவாயில்ல, நடந்தது நடந்துபோச்சு" என்றாள் அவள். "எஞ்சின் கெட்டுப்போனதாலதான் பறக்க முடியலன்னு கழகம் சொன்னா போதும். எனக்கு அவகாசம் குடுப்பாங்க. வேலை நிக்கும். அந்த ஒரு வார்த்தைதான் கேக்கறேன்."

எஞ்சின் கெட்டுப்போனது என்று கழகமே சொன்னால், கேடயத்தை எங்கே மாட்டுவது? இந்தக் கேள்வி எல்லா முகங்களிலும் ஒரே நேரத்தில் தெரிந்தது. தலைவர் மைத்துனியின் அருகே போய் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"முகம் ரொம்ப வெளிறியிருக்கேம்மா. உனக்குத்தான் ஓய்வு தேவை. நல்ல நீண்ட ஓய்வு." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இப்பவே இங்கயே ஒரு தீர்மானம் போட்டுடலாம். 'விமானம் பூரண நலத்துடன் தயாராக இருந்தும், விமானி உடல்நலக் குறைவால் பறக்க இயலவில்லை. அவர் விரைவில் நலம் பெறக் கழகம் வாழ்த்துகிறது.' ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

"வாழ்த்தெல்லாம் போடறோம்மா" என்று ஒரு உறுப்பினர் அவளிடம் அன்போடு சொன்னார்.

கைகள் உயர்ந்தன. மெக்கானிக்குக்கு ஓட்டுரிமை கிடையாது. ஆனாலும் அவர் கையும் உயர்ந்தது. எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். மைத்துனியும் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். இன்னும் நம்பிக்கைதான் இருந்தது. செயலாளர் அவளுடைய ஆம்புலன்ஸ் விமானத்தை நினைத்தார், வீட்டிலிருக்கிற மனைவியை நினைத்தார், கேடயத்தை நினைத்தார். பராமரிப்பில் ஊறியவர் அல்லவா? தம் பதவியைத் துருப்பிடிக்க விடுவாரா? வெட்கத்தால் காது சூடாக, தலையைக் குனிந்துகொண்டே கையைத் தூக்கினார்.

விரலைத் துடைக்க மறந்துவிட்டார்.

"பாருங்கய்யா, நம்ம செயலாளர் விரலை!" என்று தலைவர் பூரித்துப்போனார். "எஞ்சினைத் தொட்ட கைக்கே என்னமா ரத்தம் ஊறியிருக்கு!"

மைத்துனி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஆமா டாக்டர், ரத்தம்தான்" என்றாள். "யாரோடதுன்னு அத்தானைக் கேளுங்க."