காலுக்குப் பழகிய கார்

இனி இந்தக் காரை இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் ஓட்டுவார் என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் காலைக் காப்பியின்போது அறிவித்தார். அந்த ஒருவர் யார் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன.

கேட்டுக்கொண்டிருந்தது மனைவி மட்டும். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒரு மன்னரின் மேலங்கிக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். நகரத்து மறுகோடியிலிருந்த நாடக அரங்கில் உடை தைக்கும் பொறுப்பு அவளுக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது. வாயில் ஊசி இருந்ததால் "உம்" என்றாள். ஊசி இல்லாவிட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். அந்த "உம்"மில் சம்மதம் எவ்வளவு, சலிப்பு எவ்வளவு என்பது கல்யாணமான நாள் முதல் அவருக்குப் பிடிபட்டதில்லை.

காரின் பழைய கியர்பாக்ஸ் ஒரு மேட்டில் ஏறும்போது உயிரை விட்டிருந்தது. மெக்கானிக் வேறொன்றை மாட்டிக் கொடுத்தான். கொடுக்கும்போது ஒரு விஷயம் சொன்னான்.

"தானா கியர் மாத்துற வண்டி சார் இது. நம்ம கால் எப்படி மிதிக்குதுன்னு பாத்துப் பாத்துத்தான் உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் கத்துக்கும். இப்ப பெட்டி மாத்தியாச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நாள் ஒருத்தரே ஓட்டுங்க. முதல்ல உதைக்கும், பயப்படாதீங்க."

இதில் 'கொஞ்ச நாள்' என்பது வீட்டுக்கு வரும் வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிட்டது. 'ஒருத்தரே' மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சோபாவில் உட்கார்ந்தால் தைத்த துணி கசங்கும். சாப்பாட்டு மேசையில் தையல் இயந்திரம். கட்டிலில் படைவீரர்களின் சட்டைகள். 'கொஞ்சம் எழுந்திருங்க' என்று யாரும் சொல்லாத ஒரே இடமாக அவருக்கு மிஞ்சியிருந்தது காரின் ஓட்டுநர் இருக்கைதான். அதற்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. உடைப் பெட்டிகளை ஏற்றி இறக்க, சொந்த வண்டியோடு வருகிற ஆள்தான் வேண்டும் என்று அரங்கின் நிர்வாகி சொல்லிவிட்டார். நாடகம் அரங்கேறுவதற்குள் அவள் காரோடு போய் நிற்காவிட்டால் வேலை வேறொருத்திக்கு. லைசென்ஸ் எடுத்துப் பல வருஷமாக அலமாரியில் வைத்திருந்தவள், அதை எடுத்துத் தூசி தட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டதை அவர் பார்த்தார். பார்த்த மறுநாள்தான் அந்த அறிவிப்பு.

கார் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்ததுபோல் துள்ளியது. சிக்னலில் பச்சை விழுந்தால், கூப்பிட்டும் காதில் வாங்காத பிள்ளைபோலச் சும்மா நின்றது. பிறகு திடீரென்று பாய்ந்தது.

கடையில் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுப் பழகியவர் அவர். காரையும் அப்படியே விசாரித்தார். மாலையில் கடையை மூடிவிட்டு வந்து ஒரு போல்ட்டை இறுக்கிவிட்டு ஒரு சுற்று, தளர்த்திவிட்டு ஒரு சுற்று. கார் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் உதைத்துச் சொன்னது.

பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு துணை நின்றார். தெருவில் அவருக்குப் பெயர் ஆமாம்சாமி. கேபிளாக இருக்குமோ என்று இவர் கேட்டால், கேபிளேதான் என்பார். இல்லை, ஆயில் அளவோ என்றால், நானும் அதைத்தான் நினைத்தேன் என்பார்.

இந்த ஆராய்ச்சியின் முதல் மாலையிலேயே மனைவி வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, அதுல கரண்டு ஓடுதில்ல. பேட்டரி வயரக் கழட்டிட்டு அப்புறமா கைய விடுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? எனக்கு நீங்க வேணும்."

ஸ்பானர் பிடித்த கை அப்படியே நின்றது. கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படிச் சொன்னதில்லை. பால் வேணும், திரைச்சீலை வேணும், குழாய்க்காரன் வேணும் என்பதெல்லாம் சொல்லியிருக்கிறாள். நீங்க வேணும் என்பது இதுவே முதல் தடவை. ஆமாம்சாமி நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்.

அன்றிலிருந்து பானெட்டைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி வயரைக் கழற்றினார். விளக்கேற்றுகிறவரின் பக்தியோடு கழற்றினார். கழற்றும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது.

கோளாறு மட்டும் இளகவில்லை. கடைக்கும் வீட்டுக்குமாக ஓட்டியதில் மாலைக்குள் கொஞ்சம் அடங்கியதுபோல் இருக்கும். அதையும் சரிசெய்துவிடலாம் என்று அவர் பானெட்டைத் திறப்பார். மறுநாள் காலையில் கார் அவரை முன்பின் பார்த்தே இராததுபோல் உதைக்கும். ஆயில் பார்த்தார். கேபிளைச் சரிசெய்தார். பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஊதி மாட்டினார். கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பரைக்கூட மாற்றினார். ஒவ்வொரு மாலையும் வயரைக் கழற்றினார். ஒவ்வொரு காலையும் உதை வாங்கினார்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. இப்படி உதைக்கிற வண்டியை அவளிடமே கொடுத்துவிட்டால் என்ன? நாற்சந்தியில் ஒரு துள்ளல் போதும். பயந்துபோய்த் தானே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பிறகு இந்த ஜென்மத்தில் கேட்கமாட்டாள்.

"நீயே எடுத்துட்டுப் போ. உன் வேலை முக்கியமில்லையா?" என்றார். பெருந்தன்மை அவர் முகத்தில் கண்ணாடிபோல் மாட்டியிருந்தது.

அவள் "உம்" என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை ஆறுதல் சொல்லும் முகத்தோடு வாசலில் காத்திருந்தார். அவள் வந்தாள். வியர்த்திருந்தது. உள்ளே போய்த் தைக்க உட்கார்ந்தாள். உதைக்கிறதா என்று கேட்டார். "உம்" என்றாள். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. தப்பித்தவறிக் கோளாறு சரியாகிவிட்டால் திட்டம் என்னாவது? அதற்கடுத்த மாலைகளிலும் திறக்கவில்லை. ஆராய்ச்சி நின்றுபோனதில் ஆமாம்சாமிக்குத்தான் மதிலோரம் பொழுது போகவில்லை.

ஒரு விடுமுறை நாளில் நூல்கண்டு வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். எவ்வளவு மோசமாக உதைக்கிறதென்று பார்க்கும் ஆசையில் அவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கார் கிளம்பியது. இரண்டு, மூன்று, நான்கு என்று எப்போது மாறியதென்றே தெரியவில்லை. அவர் மடியிலிருந்த திறந்த பாட்டிலில் தண்ணீர்கூடத் தளும்பவில்லை.

"ஓரமா நிறுத்து. நான் ஓட்டுறேன்."

அவள் பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இடம் மாறினாள். அவர் மிதித்தார். கார் யோசித்தது, உறுமியது, உதைத்தது. தண்ணீர் அவள் மடியில் கொட்டியது. அவள் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட மட்டும் ஏன் இப்படிப் பண்ணுது?"

"என் காலுக்குப் பழகிடுச்சு போல."

"நான் அவ்வளவு நாள் ஓட்டினேனே, அப்ப ஏன் பழகல?"

"பழகிச்சு. தினமும் சாயங்காலம் வரைக்கும் பழகிச்சு. நீங்க பேட்டரிய கழட்டினதும் கத்துக்கிட்டதெல்லாம் மறந்துடும். மறுநாள் பாவம், திரும்பவும் முதல்லேருந்து."

அவர் காரை ஓரங்கட்டினார். அதற்கும் ஒரு தடவை உதைத்துவிட்டுத்தான் நின்றது.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"மெக்கானிக்குக்கு போன் பண்ணிக் கேட்டேன். வண்டி வந்த அன்னைக்கே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஆராய்ச்சியில இருந்தீங்க. நடுவுல பேசினா உங்களுக்குப் பிடிக்காதே."

ஸ்டியரிங்கைத் தடவினார். கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டுவிட்டார்.

"அப்ப, நான் வேணும்னு சொன்னியே. அது?"

அவள் முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பில்லை.

"அது நிஜம். நீங்களும் வேணும். சாவியும் வேணும்."

ஒருத்தர் கால்தான் படவேண்டும் என்று சட்டம் போட்டவர் அவர்தான். எனவே சட்டம் மாறவில்லை. கால் மட்டும் மாறியது.

நாடகம் அரங்கேறும் நாள் வந்தது. அவர் கடைக்கு விடுமுறை விட்டு, சலவைச் சட்டை போட்டு, நல்ல வாசனையோடு புறப்பட்டார். ஓட்டாவிட்டால் என்ன, பக்கத்தில் உட்கார்ந்து நாலு யோசனை சொல்லிக்கொண்டு போவதிலும் ஒரு கௌரவம் இருக்கிறது என்று மனதைத் தேற்றியிருந்தார். முன்கதவைத் திறந்தார்.

அங்கே ராணி உட்கார்ந்திருந்தாள். உடை மாட்டிவைக்கிற துணிப்பொம்மை. கழுத்தோடு சரி, தலை கிடையாது. பட்டு அங்கியின்மேல் சீட் பெல்ட் பாந்தமாகக் கட்டியிருந்தது.

"பின்னாடி ஏறுங்க," என்றாள் மனைவி.

"இதப் பின்னாடி வெக்கலாமே."

"பின்னாடி பெட்டியெல்லாம் இருக்கு. கசங்கிடும்."

"நான் கசங்கமாட்டேனா?"

"உங்கள வீட்டுக்கு வந்து இஸ்திரி போட்டுக்கலாம்."

இரண்டு பெட்டிகளுக்கு நடுவே தன்னைச் செருகிக்கொண்டு, மடியில் ஒரு கிரீடத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். கார் சத்தமில்லாமல் நழுவியது. தெருமுனை வந்ததும் பழக்கதோஷத்தில் முன்னால் எட்டிப் பார்த்து, இடதுபக்கம் கொஞ்சம் என்று ஆரம்பித்தார்.

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"முன்னாடியும் ஒருத்தி உட்கார்ந்து வர்றா. வாயத் திறந்தாளா, பாருங்க."